நீ தரையைப் பார்த்தாய்

யுவா,

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருக்கலாம். ஆனால் என் குரலை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய் என்பது எனக்குத் தெரியும். ஒரு முறை நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டு அப்படிக் கேட்டாய். என் பேச்சு எனக்கே வாத்து கத்துவதுபோல் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள், பிரிக்ஃபீல்ட்ஸில் உன் கொண்டோ அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, நிதானமாகப் படி. உன் அத்தைக்கும் நீ கட்டிக்கொள்ளப்போகும் ஷாமினிக்கும் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஊரே படித்தாலும் சரி. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். கோபம் என்று சொன்னால் இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்துக்கொள்வாய். ஆகவே சரியான சொல்லையே எழுதிவிடுகிறேன்: நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய். "ஒரு தட்டுக்கு இவ்ளோ பேச்சாம்மா" என்று நீ சொல்வது இங்கேயே கேட்கிறது. ஆமாம், ஒரு தட்டுக்குத்தான். பொறுமையாகக் கேள்.

நீ சரியாகப் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே என் கண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டவன். அப்போது நாம் சுங்கை வேயில் ஃபிளாட்டில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டிக்கொண்டிருந்தார், எனக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் உனக்கு ஒரே சட்டம். எதை நீட்டினாலும் முதலில் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். நான் இமையை ஒரு தடவை மூடித் திறந்தால் எடுத்துக்கொள்ளலாம். நான் தரையைப் பார்த்தால், "வேணாம் ஆன்டி, இப்பதான் சாப்ட்டோம்" என்று சொல்லிவிட வேண்டும். வயிறு காய்ந்தாலும் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தை உன்னை உட்கார வைத்து நான் ஒருநாளும் விளக்கியதில்லை. எனக்கும் யாரும் விளக்கவில்லை. தொடையில் ஒரு கிள்ளு, வீட்டுக்கு வந்தபின் ஒரு முறைப்பு, ஒழுங்காக நடந்துகொண்ட நாளில் திரும்பி வரும் பஸ்ஸில் என் மடியில் தலை வைத்துப் படுக்க இடம். அவ்வளவுதான் பாடம். ஒரு தீபாவளிக்கு என்னுடன் வேலை செய்த அக்கா வீட்டில், நான் பேச்சு சுவாரசியத்தில் உன்னைக் கவனிக்கவில்லை. நீ அச்சு முறுக்கு டப்பாவுக்கு மேலே கையை நீட்டியபடியே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சிலை மாதிரி நின்றிருக்கிறாய். அந்த அக்காவின் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தப் பையனோட ரிமோட் உங்க கையிலயாம்மா இருக்கு?" என்றார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா!

பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மாக் சிக் ரொஹானாவை நினைவிருக்கிறதா? ஹரி ராயா பெருநாளுக்கு அவர் வீட்டுக்குப் போகும்போது நம் இரண்டு சைகைகள் போதவில்லை. ரெண்டாங் பிரட்டலை மாட்டிறைச்சியில் செய்திருப்பார்கள். நாம் சாப்பிட மாட்டோம், அதைச் சொல்லி அவர் மனத்தை நோகடிக்கவும் கூடாது. அதனால் மூன்றாவதாக ஒன்று கண்டுபிடித்தோம். நான் காது மடலைத் தொட்டால் கறியை விட்டுவிட்டுப் பலகாரம் மட்டும் எடுக்க வேண்டும். முதல் வருஷம் நீ எல்லாவற்றையும் குழப்பிக்கொண்டு, காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வயிறு நிறைந்துவிட்டது என்று மலாயில் சத்தமாக அறிவித்தாய். மாக் சிக் என்னைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார், உள்ளே போய் வேறொரு கிண்ணத்தோடு வந்தார். "இனி ஆயாம்லா, யுவா. மக்கான்!" கோழிதான், சாப்பிடு என்றார். நமக்கென்று தனியாகச் சமைத்து வைத்திருக்கிறார். என் சைகை அவருக்கும் புரிந்திருந்தது. அவரும் நாலு பிள்ளை வளர்த்தவர்தானே. அன்றைக்குத் தோன்றியது, எல்லா அம்மாக்களும் இதைத்தான் செய்கிறார்கள், சைகைதான் வீட்டுக்கு வீடு வேறு என்று.

பள்ளிக்கூடத்திலும் உனக்கு இதற்கென்று ஒரு பாடம் இருந்தது. மோரல். நன்றியுணர்வு, நியாயம், மரியாதை, பெற்றோரிடம் அன்பு என்று ஒவ்வொரு பண்பையும் விளக்கத்தோடு மலாயில் மனப்பாடம் செய்ய வேண்டும். வார்த்தை மாறினால் மதிப்பெண் போய்விடும் என்று பயப்படுவாய். நான் சாம்பார் கிண்டிக்கொண்டே உன்னைக் கேள்வி கேட்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடாமல் ஒப்பிப்பாய். பரீட்சையில் ஏ வாங்கினாய். அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்ட மறுநாள் கேட்டிருந்தால் பாதிகூடச் சொல்லியிருக்க மாட்டாய். நான் தரையைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்பது மட்டும் உனக்கு இன்றுவரை மறக்கவில்லை. அதுதான் என்னை இந்தக் கடிதத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அப்பா இறந்தபோது உனக்குப் பதினொரு வயது. நாம் கிள்ளானுக்கு, இப்போது நான் இருக்கும் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தோம். அப்பாவின் தங்கை, உன் ராஜம் அத்தை, பக்கத்துச் சாலையில் இருந்தாள். அவள் அந்த நாட்களில் நம்மைத் தாங்கியதை நான் மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. வாரம் தவறாமல் மீன் குழம்பு கொண்டுவருவாள். "அண்ணி, நீங்க சாப்டாதான் நான் போவேன்" என்று எதிரில் உட்கார்ந்திருப்பாள். மறு வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், இங்கேதான் கிள்ளானில், மண்டபத்தில். தாலி கட்டி முடிந்ததும் பெண்களுக்குப் பூவும் குங்குமமும் கொடுத்துக்கொண்டு வந்தவள் அதே ராஜம்தான். என் வரிசைக்கு வந்தாள். எனக்கு முன் நாற்காலிக்குத் தட்டு நீண்டது. எனக்குப் பின் நாற்காலிக்கும் நீண்டது. என் முன்னால் வந்தபோது மட்டும் அவள் கை கொஞ்சம் உயர்ந்து, என்னைத் தாண்டிப் போய்விட்டது. அவள் என்னை வெறுத்துச் செய்யவில்லை. அவளுக்கே தெரியாமல் அவள் கை செய்தது. விதவை என்றால் இன்னின்ன கூடாது என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துகொண்டேன்.

நீ என் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தாய். கவனிக்கவில்லை என்று நினைத்தேன். நீ எழுந்து போய் அத்தையின் புடவையை இழுத்தாய்.

"அத்தே, அம்மாவுக்கு குடுக்கல."

"அம்மாவுக்கு வேணாம்யா."

"ஏன்?"

நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உன்னைப் பார்த்து, பிறகு நன்றாகத் தெரியும்படி தரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார் என்று அர்த்தம். நீ பார்த்தாய். உனக்குப் புரிந்தது, உன் முகத்தில் தெரிந்தது. ஆனால் நீ கீழ்ப்படியவில்லை. அத்தையின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "எடுங்கம்மா, கை வலிக்குது" என்றாய். எடுத்தேன் யுவா. நெற்றியில் வைத்துக்கொண்டேன். அத்தை அங்கேயே நின்று அழுதாள். அன்றிலிருந்து இன்றுவரை நான் பொட்டில்லாமல் வெளியே போனதில்லை. கிள்ளான் பாசாரில், கோயிலில், தொழிற்சாலையில், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கேள்வியை ஒரு பையன் சத்தமாகக் கேட்டுவிட்டால் ஊர் இவ்வளவு சீக்கிரம் ஒதுங்கிக்கொள்ளுமா என்று எனக்கே ஆச்சரியம். நீ என் கண்ணை மீறியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். என் பிள்ளையைப் பற்றி யாராவது கேட்டால் நான் சொல்வது உன் படிப்பையோ சம்பளத்தையோ இல்லை. அந்தத் தட்டைத்தான் சொல்வேன்.

அதனால்தான் நிச்சயதார்த்தத்துக்கு யார் தட்டு மாற்றுவது என்ற கேள்வியே என் மனதில் எழவில்லை. நீயும் எழுப்பவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் புடவை எடுக்கப் போனோமே, நான் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தேன். நீ கடைப் பெண்ணிடம், "அக்கா, அதை உள்ள வைங்க. அந்த அரக்குக் கலர் காட்டுங்க" என்றாய். எனக்கு இந்த வயதில் அரக்கு எதற்கு என்றேன். "தட்டு மாத்தப் போறது நீங்கதானே? ஃபோட்டோல நல்லா விழணும்லா" என்றாய். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபோதும் அதையே சொன்னாய். "அப்பா இல்லனா என்ன, நீங்க போதும்." அன்று ரசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன். வீட்டுக்கு வந்து அலமாரிக் கண்ணாடி முன்னால் பித்தளைத் தட்டை ஏந்தி நின்று பார்த்தேன். எந்தக் கை முன்னால் வர வேண்டும், எவ்வளவு குனிய வேண்டும் என்றெல்லாம் பார்த்தேன். சிரிக்காதே.

நிச்சயத்துக்கு ஜெஞ்சாரோமுக்குப் போன அன்று காலையில் எல்லாத் தட்டுகளையும் நானே அடுக்கினேன். வெற்றிலை, பழம், புடவை, கேக், எல்லாம். எண்ணெய்ப்பனைத் தோப்பைத் தாண்டி ஷாமினி வீட்டு வாசலில் இறங்கியபோது ராஜம் அத்தையும் மாமாவும் நமக்கு முன்பே வந்து நின்றார்கள். அத்தை புதுப் பட்டு, தலை நிறையப் பூ. மாமா வேட்டிக்குப் பொருத்தமாக அதே நிறத்தில் சட்டை. ஜோடியாக நன்றாக இருக்கிறீர்கள் என்று கேலிகூடச் செய்தேன். அத்தை சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அப்போதும் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். ஷாமினியின் பெரியப்பா நடுவில் இருந்தார். லக்னப் பத்திரிகை வாசித்து முடித்ததும், "சரி, மாப்பிள்ளை வீட்டுல தட்டு மாத்துறவங்க வாங்க" என்றார். நான் தட்டோடு எழுந்தேன். எனக்கு அந்தப் பக்கத்தில் அத்தையும் மாமாவும் எழுந்தார்கள். கூடமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பக்கமும் ஆள் நின்றால் யார் என்று பார்க்கத்தானே செய்வார்கள்.

நான் உன்னைப் பார்த்தேன். அம்மாதான் மாத்துவாங்க என்று நீ சொல்லப்போகிறாய் என்று நினைத்துப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். நேராக, நன்றாகப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய்.

அதை என்னிடம் கற்றுக்கொண்டு என்மேலேயே பயன்படுத்தினாய். அந்த இடத்தில் எனக்கு என்ன நடந்தது தெரியுமா? எனக்கு வயது குறைந்துபோனது. அச்சு முறுக்கு டப்பாவுக்கு மேல் கையை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளையாக நான் ஆகிவிட்டேன். வாய் தானாகவே சிரித்தது. "நீங்களே மாத்துங்க ராஜம், எனக்கு மூட்டு வலி" என்று தட்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு மூட்டு வலி கிடையாது. வேணாம் ஆன்டி, இப்பதான் சாப்ட்டோம்.

அந்த வீட்டுக்காரர்கள் பழைய மாதிரி, அவர்கள் சொன்னதைத் தட்ட முடியாமல் என் பிள்ளை தவித்திருப்பான் என்று அரை மணி நேரம் உனக்காக மனதுக்குள் வாதாடினேன். சாப்பாட்டுப் பந்தியில் பெரியப்பா என் எதிரில் வந்து உட்கார்ந்து அந்த வாதத்தையும் முடித்துவைத்தார். நல்ல மனிதர், குத்திக்காட்டுகிற ஆள் இல்லை. "நான் ஃபோன்ல யாரு தட்டு மாத்துறாங்கனுதான்மா கேட்டேன், பேரு மைக்ல சொல்லணும்ல? நீங்கதான்னு சொல்லியிருந்தா நீங்கதான். தம்பியே அத்தையும் மாமாவும்னு சொல்லிட்டாரு. முறையெல்லாம் தெரிஞ்சிருக்கு. நல்ல வளர்ப்பும்மா." பாயசத்தை வாயில் வைத்துக்கொண்டு அதற்கு நான் தலையாட்டினேன். பக்கத்திலிருந்த ராஜம் குனிந்துகொண்டு, "போன வாரமே சொன்னான் அண்ணி. உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னானே" என்றாள். ஆக, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீயே ஊகித்து, அவர்கள் வாய் திறக்கும் முன்பே எழுந்து நின்று கீழ்ப்படிந்துவிட்டாய். அத்தையிடம் ஒரு வாரம் முன்பே சொன்னவன் என்னிடம் சொல்லவில்லை. அரக்குப் புடவையில் என்னைத் தட்டுகளை அடுக்க விட்டாய், வாசல்வரை தூக்கிவர விட்டாய்.

திரும்பி வரும்போது காரில் நீ சொன்னதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. "தேங்க்ஸ்மா. சூப்பரா ஹேண்டல் பண்ணீங்க." ஆபீஸில் உனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் இப்படித்தான் சொல்வாயா? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ ரேடியோ சத்தத்தைக் கூட்டினாய். கிள்ளான் வந்து சேரும்வரை நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை, 'ஏன்' கேட்ட என் பிள்ளை.

அப்புறம் நிறைய யோசித்தேன். பன்னிரண்டு வயதில் உனக்குத் தெரியாத இந்த முறை பிறகு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது? நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மோரல் புத்தகத்தில் இல்லை. நீ போன கல்யாணங்களில், யார் மேடையேறுகிறார்கள், யார் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று பார்க்கிறார்கள் என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கும். மாப்பிள்ளை என்று நாலு பேர் மரியாதை கொடுக்கத் தொடங்கியதும் அந்த மரியாதை எங்கே போய்விடுமோ என்ற பயம் வந்திருக்கும். என் அரக்குப் புடவையை நீ மனதாரத்தான் வாங்கினாய், அதை நான் சந்தேகப்படவில்லை. கடைப் பெண் முன்னால் தைரியமாக இருப்பது சுலபம் யுவா. பெண் வீட்டார் முன்னால் அது உனக்கு வரவில்லை. நல்லது என்று எதைக் கற்றாயோ அதை ஒரு ஃபோன் அழைப்பில் கைவிட்டாய். அந்த வளர்ப்பை யார் தலையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் தலையில் எழுதிக்கொள்ள நான் தயாராக இல்லை.

நேற்று ஷாமினி கூப்பிட்டாள். உனக்குத் தெரியாமல்தான். "மாமி, நீங்கதான் தட்டு மாத்துவீங்கனு அவரு எங்கிட்ட சொன்னாரு. அன்னிக்கு ஏன் மாறிச்சுனு எனக்கு சத்தியமா தெரியாது" என்றாள். அதோடு நிற்கவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை செய்கிற பாத பூஜைக்கும் ஐயரிடம் அத்தை மாமா பெயரையே கொடுத்திருக்கிறாயாம். "நீங்க சரினு சொல்லிட்டீங்கனு சொல்றாரு. சொன்னீங்களா மாமி?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு உன்னைவிட முதுகெலும்பு இருக்கிறது, அவளை விட்டுவிடாதே. சொல்லவில்லை என்றேன். "அப்ப நீங்க வந்து உக்காருங்க மாமி" என்றாள்.

உட்காரப்போகிறேன். இது உன்னிடம் அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. ராஜத்திடமும் பேசிவிட்டேன். அவள் ஃபோனிலேயே அழுதாள். "இந்த தடவ என் கை உங்கள தாண்டிப் போகாது அண்ணி" என்றாள். இத்தனை வருஷம் அவளும் அதை நினைவில் வைத்திருந்திருக்கிறாள்! நான் அந்த அரக்குப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வருவேன். பொட்டு வைத்திருப்பேன். ஐயர் மாப்பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டதும், யாருடைய முகத்தையும் பார்க்காமல், நேராக மேடையேறி அந்த நாற்காலியில் உட்காருவேன். உன் மாமனார் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். நீ முன்பு ஒரு முறை என் கண்ணை மீறினாய், அதில் எனக்கு ஒரு வாழ்க்கை கிடைத்தது. இப்போது உன் கண்ணை நான் மீறுகிறேன். அதில் உனக்கு என்ன கிடைக்கும் என்பது உன் பாடு.

கையில் தண்ணீர்ச் செம்போடு நீ என் முன்னால் மண்டியிடுவாய். வழக்கம்போல் தரையைப் பார். அங்கே என் கால் இருக்கும்.

அம்மா